திரையும் நிரலும்: ஓர் இணைப்பின் வரலாறு



கணினித் திரையில் ஒரு பொத்தானைப் பார்க்கிறோம். அதன்மேல் 'சேமி' என்று எழுதியிருக்கிறது. அழுத்துகிறோம், நாம் எழுதியது சேமிக்கப்படுகிறது. இது அன்றாட நிகழ்ச்சியாகிவிட்டதால் இதில் வியப்பு எதுவும் இருப்பதாக நமக்குத் தோன்றுவதில்லை. ஆனால் சற்றே எண்ணிப் பாருங்கள். திரையில் தெரியும் பொத்தான் உண்மையில் ஒரு படம். சேமிக்கும் வேலையைச் செய்வதோ எங்கோ மறைவாக இருக்கும் ஆணைகளின் தொகுப்பு. அதை நிரல் என்கிறோம். படம் ஓரிடத்தில் இருக்கிறது. நிரல் வேறிடத்தில் இருக்கிறது. படத்தைத் தொட்டால் நிரல் எப்படி விழித்துக்கொள்கிறது? இரண்டையும் இணைத்தவர் யார்? எப்படி இணைத்தார்? இந்தக் கேள்விகளுக்கான விடையைத்தான் இன்று வரலாற்று முறையில் பார்க்கப் போகிறோம்.

நமக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். ஜொகூரில் ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. விடியுமுன் தொழிலாளர் அனைவரும் ஓரிடத்தில் கூடுவார்கள். கிராணியார் கையில் பெயர்ப் பட்டியல் இருக்கும். பெயர் கூப்பிடப்படும், ஆள் குரல் கொடுப்பார், இன்னாருக்கு இந்த நிரை என்று வேலை பிரித்துக் கொடுக்கப்படும். பட்டியல் வேறு, ஆள் வேறு. இரண்டையும் சேர்த்து வைப்பது பெயர் ஒன்றுதான். பட்டியலில் உள்ள பெயரும் ஆளின் பெயரும் பொருந்தாவிட்டால் ஆள் எதிரிலேயே நின்றாலும் அன்றைய கணக்கில் அவர் இல்லை. கணினித் திரைக்கும் நிரலுக்கும் உள்ள உறவும் ஏறக்குறைய இத்தகையதே. இதை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

தொடக்கக் காலக் கணினிகளுக்கு இந்தச் சிக்கலே இல்லை. துளையிட்ட அட்டைகளைக் கொடுத்தார்கள். அச்சிட்ட தாள்கள் வந்தன. 1963-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக் கழகத்தில் ஐவன் சதர்லண்ட் என்பவர் திரையில் ஒளிப்பேனாவால் கோடு வரையும் 'ஸ்கெட்ச்பேட்' என்னும் நிரலை உருவாக்கிக் காட்டினார். 1968 டிசம்பர் 9-ஆம் நாள் டக்ளஸ் எங்கல்பார்ட் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஓர் அவையோர் முன்னிலையில் சுட்டியைக் கையில் பிடித்துத் திரையில் உள்ள சொற்களை நகர்த்திக் காட்டினார். அன்றுமுதல் மனிதன் திரையோடு உரையாடத் தொடங்கினான் எனலாம். உரையாடல் தொடங்கியதும் சிக்கலும் தொடங்கியது.

என்ன சிக்கல்? அந்நாளில் திரையில் எதை எங்கே வரைவது என்பதும், அழுத்தினால் என்ன செய்வது என்பதும் ஒரே நிரலில் பின்னிக் கிடந்தன. பொத்தானை அரை அங்குலம் நகர்த்த வேண்டுமானாலும் நிரலைத் திறந்து எழுத வேண்டும். எழுத்துப் பிழை ஒன்றைத் திருத்த வேண்டுமானாலும் நிரல் எழுதியவரைத்தான் தேடிப் போக வேண்டும். ஆளும் பட்டியலும் நிரையும் ஒன்றாகக் குழம்பிப்போன பெரட்டு போல இருந்தது நிலைமை.

இந்தக் குழப்பத்தைப் பிரித்துப் பார்த்தவர்களுள் முதன்மையானவர் நார்வே நாட்டைச் சேர்ந்த திரிக்வே ரீன்ஸ்காக். அவர் அதற்கு முன்பே 1960-களில் கப்பல் கட்டும் தொழிலுக்கான கணினி நிரல்களை உருவாக்கியவர். 1978, 1979 ஆண்டுகளில் அவர் கலிபோர்னியாவில் இருந்த ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு மையத்தில் விருந்தினராகப் பணியாற்றினார். அங்கேதான் ஆலன் கேயும் அவருடைய தோழர்களும் 'ஸ்மால்டாக்' என்னும் நிரல்மொழியை வளர்த்து வந்தனர். பெரிய திட்டம் ஒன்றைப் பற்றிய செய்திகள் கணினிக்குள் ஒரு விதமாக இருக்கின்றன. அந்தத் திட்டத்தைப் பற்றி மனிதன் மனத்தில் வைத்திருக்கும் எண்ணம் வேறு விதமாக இருக்கிறது. இந்த இரண்டுக்கும் எப்படிப் பாலம் அமைப்பது என்பதே அவருடைய கேள்வி. 1979 டிசம்பரில் எழுதிய ஒரு குறிப்பில் அவர் வேலையை மூன்றாகப் பிரித்தார். செய்தியை வைத்திருக்கும் பகுதி ஒன்று. அதைத் திரையில் காட்டும் பகுதி ஒன்று. பயனரின் கட்டளையை வாங்கி இரண்டையும் ஒழுங்குபடுத்தும் பகுதி ஒன்று. இந்த மூன்றாவது பகுதியைக் கட்டுப்பாட்டு நிரல் என்று நாம் அழைக்கலாம். இன்று உலகெங்கும் கணினி மாணவர்கள் படிக்கும் பாடம் இதுதான்.

பிரிப்பது ஒரு வேலை. பிரித்ததை மீண்டும் சேர்ப்பது அடுத்த வேலை. வீட்டில் சுவர் எழுப்பிய பிறகுதான் கதவு எங்கே வைப்பது என்னும் கேள்வி எழுகிறது அல்லவா? கணினி வரலாற்றில் இந்தக் கதவை மூன்று விதமாக அமைத்துப் பார்த்தார்கள். எண்ணால் இணைப்பது முதல் வழி. கம்பி இழுத்து இணைப்பது இரண்டாம் வழி. பெயரால் இணைப்பது மூன்றாம் வழி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1984 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டோஷ் கணினி வெளிவந்தது. அதை உருவாக்கிய குழுவில் இருந்த புரூஸ் ஹார்ன் என்னும் இளைஞர் ஒரு நல்ல ஏற்பாட்டைச் செய்திருந்தார். சாளரங்கள், பட்டியல்கள், திரையில் தோன்றும் சொற்கள் ஆகியவற்றை நிரலிலிருந்து பிரித்துத் தனியாகச் சேமிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. நிரல் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்கும். சாளரம் வந்து நிற்கும். இதனால் என்ன நன்மை? பிரெஞ்சுக்காரர் ஒருவர் நிரலைத் தொடாமலே சொற்களை மட்டும் பிரெஞ்சு மொழிக்கு மாற்றிக்கொள்ளலாம். 1985 நவம்பரில் வெளிவந்த மைக்ரோசாப்ட் விண்டோஸும் இவ்வாறே எண்களைப் பயன்படுத்தியது. பொத்தானை அழுத்தினால் '101 அழுத்தப்பட்டது' என்பது போன்ற ஒரு செய்தி நிரலுக்குப் போகும். நிரல் எழுதுபவர் 101 என்றால் சேமி, 102 என்றால் அச்சிடு என்று நீண்ட பட்டியல் ஒன்றை எழுதி வைத்திருப்பார். எண் தவறினால் அச்சிடச் சொன்னவருக்குச் சேமிப்பு நடக்கும். எண்ணுக்கு முகம் இல்லை. அதுவே அதன் குறை.

இரண்டாம் வழி பிரான்சு நாட்டிலிருந்து வந்தது. அங்குள்ள கணினி ஆய்வுக் கழகமான இன்றியாவில் பணியாற்றிய ஜான்-மரி யூலோ என்பவர், திரையின் வடிவத்தை எழுதிக் காட்டாமல் வரைந்தே காட்டலாமே என்று நினைத்தார். 1980-களின் நடுவில் மெக்கின்டோஷ் கணினியில் அத்தகைய கருவி ஒன்றை உருவாக்கினார். ஆப்பிளை விட்டு வெளியேறி நெக்ஸ்ட் என்னும் நிறுவனத்தைத் தொடங்கியிருந்த ஸ்டீவ் ஜாப்ஸ் யூலோவைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார். 1988 அக்டோபரில் நெக்ஸ்ட் கணினி உலகுக்குக் காட்டப்பட்டபோது 'இன்டர்ஃபேஸ் பில்டர்' என்னும் பெயரில் யூலோவின் கருவியும் அதனுடன் வந்தது.

அதன் வேலைமுறை எளிமையானது. ஒரு பெட்டியிலிருந்து பொத்தானைச் சுட்டியால் இழுத்துச் சாளரத்தில் வைக்கலாம். பின்னர் பொத்தானிலிருந்து ஒரு கோட்டை இழுத்துக் கட்டுப்பாட்டு நிரலைக் குறிக்கும் சின்னத்தின்மேல் விடலாம். மின்விளக்குக்கும் விசைக்கும் கம்பி இழுப்பது போலத்தான். பொத்தானிலிருந்து நிரலுக்குப் போகும் கம்பி, 'இன்ன செயலைச் செய்' என்று சொல்லும். நிரலிலிருந்து திரைப் பொருளுக்குப் போகும் கம்பி, 'இன்ன இடத்தில் விடையைக் காட்டு' என்று சொல்லும். இந்தக் கம்பிகள் எல்லாம் வடிவத்தோடு சேர்த்து 'நிப்' என்னும் கோப்பில் சேமிக்கப்பட்டன.

இதனால் விளைந்த பயன் சிறிதன்று. ஜெனீவாவில் உள்ள செர்ன் அணு ஆய்வு மையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ 1990-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் உலகின் முதல் வலை உலாவியை எழுதினார். அவர் எழுதியது ஒரு நெக்ஸ்ட் கணினியில். சாளரங்களையும் பட்டியல்களையும் கருவியே பார்த்துக்கொண்டதால் ஒரு தனிமனிதர் சில மாதங்களில் அந்த வேலையை முடிக்க முடிந்தது. பின்னர் நெக்ஸ்ட் நிறுவனத்தை ஆப்பிள் 1997-இல் வாங்கிக்கொண்டது. 2001 மார்ச்சில் வெளிவந்த ஆப்பிளின் புதிய இயங்குதளத்தில் யூலோவின் கருவி தொடர்ந்து வாழ்ந்தது. யூலோ 2019-இல் மறைந்தார்.

கம்பி வழியிலும் குறை உண்டு. நிரலில் ஒரு செயலின் பெயரை மாற்றிவிட்டுக் கம்பியை மாற்ற மறந்தால் இணைப்பு அறுந்துவிடும். வேறொரு குறை இன்னும் நுட்பமானது. நெக்ஸ்ட் பயன்படுத்திய நிரல்மொழியில், எதனோடும் இணைக்கப்படாத வெற்றிடத்திற்கு ஆணை அனுப்பினால் பிழைச் செய்தி எதுவும் வராது. ஆணை காற்றில் கரைந்துபோகும். புதிதாகப் பழகுபவர் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பார், ஒன்றும் நடக்காது, ஏன் என்றும் தெரியாது.

மூன்றாம் வழி பெயர் வழி. ஆலன் கூப்பர் என்னும் அமெரிக்கர் 1988-இல் தாம் உருவாக்கிய திரை வடிவமைப்புக் கருவி ஒன்றைப் பில் கேட்ஸிடம் காட்டினார். மைக்ரோசாப்ட் அதை வாங்கித் தன்னுடைய பேசிக் மொழியோடு சேர்த்து 1991-இல் 'விசுவல் பேசிக்' என வெளியிட்டது. அதில் இணைப்புக் கம்பி எதுவும் இல்லை. பொத்தானின் பெயர், அதன்பின் ஓர் அடிக்கோடு, அதன்பின் 'கிளிக்' என்னும் சொல். இந்த மூன்றும் சேர்ந்த பெயரில் ஒரு செயலை எழுதினால் போதும். கணினி இரண்டையும் தானே பொருத்திக்கொள்ளும். கிராணியார் பெயர் கூப்பிட, ஆள் குரல் கொடுத்த கதைதான். கணினிப் பட்டமில்லாத கணக்கர்களும் ஆசிரியர்களும்கூடத் தங்கள் வேலைக்கான நிரல்களைத் தாங்களே எழுதத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான்.

அதன்பின் வந்தவை பெரும்பாலும் பெயர் வழியையே வளர்த்தன. 1998-இல் தோன்றிய 'கிளேட்' என்னும் கட்டற்ற மென்பொருள், திரை வடிவத்தைத் தனிக் கோப்பில் எழுதி வைத்தது. நிரல் ஓடும் நேரத்தில் அந்தக் கோப்பைப் படித்துப் பெயரைப் பார்த்துச் செயல்களோடு இணைக்கும் நூலகமும் அதற்கு அமைந்தது. நார்வேயில் பிறந்த 'கியூட்டி', வடிவக் கோப்பை நிரலாகவே மாற்றித் தந்தது. 2006-இல் மைக்ரோசாப்ட் 'சாம்ல்' என்னும் வடிவமொழியைக் கொண்டு வந்தது. 2011 அக்டோபரில் ஆரக்கிள் நிறுவனத்தின் 'ஜாவாஎஃப்எக்ஸ்' இரண்டாம் பதிப்பு, 'எஃப்.எக்ஸ்.எம்.எல்.' என்னும் வடிவக் கோப்பை அறிமுகம் செய்தது.

இந்தக் கடைசி ஏற்பாட்டைச் சற்று விரித்துச் சொல்கிறேன். இன்று பல மாணவர்கள் பயில்வது இதுவே. வடிவக் கோப்பின் தலைப்பில், இதை ஆளும் கட்டுப்பாட்டு நிரல் இன்னது என்று எழுதியிருக்கும். உள்ளே ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அடையாளப் பெயர் இருக்கும். கட்டுப்பாட்டு நிரலிலும் அதே பெயரில் ஓர் இடம் ஒதுக்கி, அதன்மேல் ஒரு குறியை இட வேண்டும். நிரல் ஓடும்போது, ஏற்றுநர் என்று நாம் அழைக்கத்தக்க ஒரு பகுதி, கோப்பைப் படித்து, பெயர்களை ஒப்பிட்டு, பொருந்தியவற்றைச் சேர்த்து வைக்கும். எல்லாம் சேர்ந்த பிறகே 'இனி வேலையைத் தொடங்கலாம்' என்று நிரலுக்குச் சொல்லும். அதற்கு முன்பே நிரல் பொத்தானைத் தேடினால் வெறும் இடத்தைத்தான் காணும். பெரட்டு முடியுமுன் நிரைக்குப் போனவருக்குக் கணக்கில் பெயர் விழாதது போல.

நேயர்களே, இதெல்லாம் வெளிநாட்டார் கதையாயிற்றே, நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். நமக்கு இதில் நிறைய இருக்கிறது. திரையில் உள்ள சொல்லும் நிரலும் பிரியாமல் இருந்திருந்தால் திரையில் தமிழைக் காண்பதற்கு ஒவ்வொரு நிரல் எழுத்தாளரின் அனுமதியும் நமக்குத் தேவைப்பட்டிருக்கும். பிரிந்ததால் அல்லவா தமிழ் உள்ளே நுழைய வழி பிறந்தது!

அந்த வழியும் எளிதில் அமையவில்லை. முதலில் எழுத்து வேண்டியிருந்தது. நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985-இலேயே முரசு என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். 1991-இல் வெளிவந்த யூனிகோடு முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. 1997-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999-இல் சென்னையிலும், 2000-இல் மீண்டும் சிங்கப்பூரிலும், 2001-இல் நம் கோலாலம்பூரிலும் மாநாடுகள் நடந்தன. உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் 2000-ஆம் ஆண்டில் உருவாயிற்று.

எழுத்து கிடைத்த பிறகு திரையைத் தமிழாக்கும் வேலை வந்தது. 1996-இல் ஜெர்மனியில் மத்தியாஸ் எட்ரிக் என்னும் மாணவர் தொடங்கிய 'கேடிஇ' என்னும் கட்டற்ற மேசைத்தளம், மேலே சொன்ன கியூட்டியைக் கொண்டு கட்டப்பட்டது. அதில் திரைச் சொற்கள் தனிக் கோப்புகளில் இருந்தன. 2000-ஆம் ஆண்டையொட்டித் தமிழ்த் தன்னார்வலர்கள் அந்தக் கோப்புகளை எடுத்துத் தமிழாக்கத் தொடங்கினர். அவர்கள் அதற்காக நிரலில் ஒரு வரியையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

ஆனால் தமிழ்ச் சொல் நீளமானது. ஆங்கிலத்தில் நான்கெழுத்துக்கு அளந்து வைத்த பொத்தானில் 'விருப்பத்தேர்வுகள்' எப்படி அடங்கும்? பாதிச் சொல் மறைந்துபோகும். இடத்தை அளவெடுத்துக் குறித்த பழைய வடிவங்களில் இந்தத் தொல்லை மிகுதி. சொல்லின் நீளத்திற்கு ஏற்பப் பொத்தானே விரிந்து கொடுக்கும் புதிய வடிவக் கோப்புகள் வந்த பிறகே தமிழ் மூச்சுவிட இடம் கிடைத்தது.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் வகுப்புப் பிள்ளைகளுக்காக வாய்ப்பாட்டுப் பயிற்சி ஒன்றை ஜாவாஎஃப்எக்ஸில் எழுதினேன். ஜாவா மொழியில் அடையாளப் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். ஆகவே ஆசையோடு, விடையைச் சோதிக்கும் பொத்தானுக்குப் 'பொத்தான்' என்றே பெயர் வைத்தேன். சாளரம் அழகாகத் திறந்தது. அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. வடிவக் கோப்பிலும் 'பொத்தான்', நிரலிலும் 'பொத்தான்'. இரண்டு மாலை நேரங்கள் எழுத்தெழுத்தாகப் பார்த்தேன், வேறுபாடு தெரியவில்லை. பிள்ளைகளிடம் மறுநாள் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன், காட்ட முடியவில்லை.

என்னிடம் முன்பு படித்து, பின்னர் பாலிடெக்னிக்கில் பயின்ற மாணவர் ஒருவர் வந்து பார்த்தார். "ஐயா, இரண்டும் ஒரே எழுத்து இல்லை" என்றார். நான் திகைத்தேன். அவர் விளக்கினார். யூனிகோடில் 'பொ'வின் ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம். முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் என இரண்டு எண்களாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டும் சமமானவை என்று யூனிகோடு விதியும் சொல்கிறது. ஆனால் ஜாவா மொழி பெயர்களை எண் எண்ணாக ஒப்பிடுகிறது. அதற்கு இவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். நான் வடிவக் கோப்பைப் பள்ளிக் கணினியில் ஒரு விசைப்பலகையால் தட்டினேன்; நிரலை வீட்டில் வேறொன்றால் தட்டினேன். அதனால் வந்த வினை. ஏற்றுநர் பெயர் கூப்பிட்டிருக்கிறது, ஆள் எதிரிலேயே நின்றிருக்கிறார், பட்டியலில் பொருந்தவில்லை. நான் ஒதுக்கிய இடம் வெறுமையாகவே இருந்துவிட்டது. ஓரிடத்தில் எழுதியதை நகலெடுத்து மற்ற இடத்தில் ஒட்டியதும் பொத்தான் வேலை செய்தது.

அன்றிரவு எனக்கு வேறொரு நினைவு வந்தது. பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் பெயர் எழுதப்பட்டதால் அலைந்த பெரியவர்களை நம் தோட்டங்களில் நாம் அறிவோம். பெயரைப் பதிந்தவருக்கு அது ஓர் எழுத்துதான். பெயருக்கு உரியவருக்கோ அது வாழ்க்கை. இணைப்பு பெயரால் அமையும்போது எழுத்து சிறியது என்று எண்ணக் கூடாது.

ஆகவே இந்த வரலாற்றிலிருந்து மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, திரையும் நிரலும் பிரிந்திருப்பது நல்லது. ஒன்றை மாற்ற மற்றொன்றை உடைக்க வேண்டியதில்லை. இரண்டாவது, பிரித்தவற்றை இணைக்கும் எண்ணோ, கம்பியோ, பெயரோ எதுவானாலும், பிழை பெரும்பாலும் அந்த இணைப்பில்தான் ஒளிந்திருக்கும். பொத்தான் பேசவில்லை என்றால் முதலில் இணைப்பைப் பாருங்கள். மூன்றாவது, தமிழில் நிரல் எழுத விரும்புவோர் தமிழ் எழுத்து கணினிக்குள் எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பதையும் கற்றுக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இந்தத் தொல்லை இல்லை என்று சலித்துக்கொண்டு தமிழைக் கைவிட வேண்டியதில்லை. நம் எழுத்தின் இயல்பை நாம் அறிந்துகொண்டால் போதும்.

என் வகுப்பில் அந்தப் பயிற்சி இப்போது ஓடுகிறது. பொத்தானின் பெயர் இன்றும் 'பொத்தான்'தான். அதை நான் மாற்றவில்லை.